பழைய ஹாலிவுட் மியூசிக்கல்: பாட்டு ஏன் அந்த இடத்தில் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1930களிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஹாலிவுட் மியூசிக்கல் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். சில படங்களின் முடிவும் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். கதை தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மியூசிக்கல்னா என்ன தனியா? நம்ம படத்துலயும்தான் அஞ்சாறு பாட்டு இருக்கே?

நம்மூரில் பாட்டு எந்த வகைப் படத்திலும் வரும். போலீஸ் கதையோ பேய்க் கதையோ, நாலைந்து பாட்டுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் திரைக்கதையே எழுதுவார்கள். ஹாலிவுட்டில் மியூசிக்கல் ஒரு தனி வகை. டிக்கெட் வாங்கும்போதே பாட்டும் ஆட்டமும்தான் என்று தெரிந்துதான் உள்ளே போவார்கள். நம் சினிமாப் பாட்டு கூத்திலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்தது. அவர்களுடையது நியூயார்க்கின் பிராட்வே மேடையிலிருந்தும், வாட்வில் எனப்பட்ட கதம்ப மேடை நிகழ்ச்சிகளிலிருந்தும் வந்தது.

பெரிய வேறுபாடு இடத்தில் இருக்கிறது. நம் டூயட் ஒரு சரணத்தில் மலையில், அடுத்த சரணத்தில் கடற்கரையில், உடையும் வேறு. அங்கே பெரும்பாலும் காட்சி நடக்கிற அதே அறையில், அதே உடையில் பாட்டும் நடக்கும். முடியும்போது ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே அடுத்த வசனம் தொடங்கும். கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து கிளம்பியவைதான்.

பேசிக்கிட்டே இருக்கிறவங்க திடீர்னு பாடுறாங்க. பக்கத்துல நிக்கிறவங்க யாரும் ஏன் ஆச்சரியப்படல?

இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்று, கதைக்குள்ளேயே அது பாட்டுதான். பாத்திரங்கள் பாடகர்கள், நடனக்காரர்கள். ஒத்திகை, மேடை, கச்சேரி என்று காரணம் இருக்கும். '42ன்ட் ஸ்ட்ரீட்' (1933) இதற்கு நல்ல உதாரணம். ஒரு நாடகம் அரங்கேறும் கதை. பெரிய பாட்டுகளெல்லாம் அரங்கேற்ற இரவான கடைசிப் பகுதியில் வரிசையாக வருகின்றன. இன்னொரு வகையில் பாட்டு என்பது பேச்சின் வேறு உருவம். எதிரில் நிற்பவருக்கு அவள் 'பாடுகிறாள்' என்பது தெரியாது, அவள் சொல்வது மட்டும் கேட்கிறது. அதனால்தான் ஆச்சரியமில்லை.

எந்த வகை என்று சந்தேகம் வந்தால் பாட்டு முடிந்ததும் யாராவது கை தட்டுகிறார்களா என்று பாருங்கள். தட்டினால் முதல் வகை. தட்டாமல் பதில் சொன்னால் இரண்டாவது. சில படங்கள் வேண்டுமென்றே இரண்டையும் குழப்பும், அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

பேச்சிலேர்ந்து பாட்டுக்கு எப்படித் தாவுறாங்க? தையல் தெரியவே மாட்டேங்குதே.

தாவுவதில்லை, படியிறங்குகிறார்கள். முதலில் வசனத்துக்கு அடியில் வாத்தியம் மெல்லத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) இசை, பாடுபவர் தயாராகும்வரை திரும்பத் திரும்பச் சுற்றும். அடுத்து வசனமே தாளத்தில் விழத் தொடங்கும். பிறகு, அவர்கள் 'வெர்ஸ்' என்று சொல்லும் முன்பகுதி. நம் பழைய பாட்டில் தொகையறா செய்கிற வேலையை அது செய்கிறது: பாதி பேச்சு, பாதி ராகம். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு வரும்.

அந்த மெட்டு பெரும்பாலும் 32 பார் கொண்டது. எட்டு எட்டாக நான்கு துண்டுகள். முதலும் இரண்டாவதும் நான்காவதும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. பாருக்கு 4 தட்டு, நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் முழு மெட்டும் ஏறக்குறைய 77 விநாடியில் முடிந்துவிடும். படத்தில் பாட்டு மூன்று நாலு நிமிடம் ஓடுகிறதென்றால், ஒருமுறை பாடி முடித்து, அடுத்த சுற்றை ஆட்டத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தையலைப் பிரித்துப் பார்க்க 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) வசதி. வானவில் பாட்டுக்கு எழுதப்பட்ட முன்பகுதி படத்தில் இல்லை. அதற்குப் பதில், தொல்லையே இல்லாத இடம் ஒன்று இருக்குமா என்று கதாநாயகி டாரத்தி தன் நாயிடம் பேசிக்கொண்டே போகிறாள். அந்தப் பேச்சுதான் அங்கே தொகையறா. 'லவ் மீ டுநைட்' (1932) இன்னும் துணிச்சல். பாரிஸ் விடியும்போது கடப்பாரை, துடைப்பம், குறட்டை, செருப்புத் தைப்பவரின் சுத்தி என்று ஒவ்வொரு சத்தமாகச் சேர்ந்து தாளமாகிறது. அந்தத் தாளத்திலேயே கதாநாயகன் பாடத் தொடங்குகிறான்.

ஒரு பாட்டு கதைக்குத் தேவையா இல்லையான்னு எப்படிச் சொல்றது?

பாட்டு தொடங்குமுன் யாருக்கு என்ன தெரியும், யார் யாரோடு என்ன உறவில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி குறியுங்கள். இரண்டு குறிப்பும் வேறாக இருந்தால் பாட்டு வேலை செய்திருக்கிறது.

'டாப் ஹேட்' (1935) படத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஃப்ரெட் அஸ்டேர் ராத்திரியில் நண்பனின் ஓட்டல் அறையில், கல்யாணமே வேண்டாம், கட்டில்லாத ஆள் நான் என்று பாடி, செருப்பால் தரையைத் தட்டும் டேப் நடனம் ஆடுகிறார். கீழ் அறையில் ஜிஞ்சர் ராஜர்ஸின் தூக்கம் கெடுகிறது. சண்டை போட மேலே வருகிறார். அறிமுகமே அப்படித்தான். அவர் திரும்பிப் போனதும் அஸ்டேர் என்ன செய்கிறார்? சிகரெட் சாம்பல் தொட்டியிலிருந்து மணலை அள்ளித் தரையில் தூவி, அதன்மேல் செருப்பைத் தேய்த்து மெதுவாக ஆடுகிறார், கீழே அவள் தூங்கட்டும் என்று. கட்டில்லாத ஆள் ஐந்தே நிமிடத்தில் தாலாட்டுப் பாடுகிறவன் ஆகிவிட்டான். எந்த வசனமும் அதைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மழைக்கு ஒதுங்கிய பூங்கா மண்டபத்தில் ஒரு பாட்டு. தொடக்கத்தில் அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு முடிந்து அவன் நடக்கும்போது பின்னால் எழுந்து அவன் நடையைக் காப்பியடிக்கிறாள். அவன் ஒரு அடி போட்டால் அதே அடியைத் திருப்பிப் போடுகிறாள். கடைசியில் இருவரும் உட்கார்ந்து கை குலுக்குகிறார்கள். முன் குறிப்பு: எரிச்சல். பின் குறிப்பு: சமமானவர்கள். பத்துப் பக்க வசனம் மிச்சம்.

பாட்டால கதையே திரும்பின படம் இருக்கா?

'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' (1944). அப்பாவுக்கு நியூயார்க்கில் வேலை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் குடும்பமே ஊரைவிட்டுப் போகவேண்டும். ஜூடி கார்லாண்ட் தூக்கம் வராத கடைக்குட்டித் தங்கையை ஜன்னலோரம் வைத்து ஆறுதலாக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு பாடுகிறார். ஆறுதல் பலிக்கவில்லை. குழந்தை இரவு உடையோடு வெளியே ஓடி, முற்றத்தில் செய்துவைத்த பனி பொம்மைகளையெல்லாம் அடித்து நொறுக்குகிறது. மேல் ஜன்னலிலிருந்து அப்பா இதைப் பார்க்கிறார். ஊரைவிட்டுப் போகவில்லை என்று முடிவாகிறது.

பாட்டு தோற்றதால் கதை திரும்பியது என்பதைக் கவனியுங்கள். இந்தப் பாட்டின் முதல் வடிவம் இன்னும் இருட்டாக, இதுவே உனக்குக் கடைசிப் பண்டிகையாக இருக்கலாம் என்ற தொனியில் இருந்தது. அழுகிற குழந்தையிடம் இப்படிப் பாடினால் ரசிகர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள் என்று கார்லாண்ட் மறுத்துவிட, கவிஞர் ஹியூ மார்ட்டின் வரிகளை மாற்றினார். மாற்றியது சரிதான். மேலே ஆறுதலும் அடியில் அழுகையுமாக இருப்பதால்தான் குழந்தை ஓடுவது நம்பும்படி இருக்கிறது.

அப்போ கதையை நகர்த்தாத பாட்டெல்லாம் வேஸ்ட்டா?

இல்லை. மேலே சொன்ன சோதனையை எல்லாப் பாட்டுக்கும் வைப்பது விமரிசகர்களின் கெட்ட பழக்கம். 'சிங்கிங் இன் த ரெயின்' (1952) படத்தின் மழைப் பாட்டையே எடுங்கள். அதற்கு முந்தைய காட்சியிலேயே சிக்கலுக்கு வழி கிடைத்துவிட்டது, காதலும் உறுதியாகிவிட்டது. ஜீன் கெல்லி காதலியை வாசலில் விட்டுவிட்டு, காத்திருக்கும் டாக்ஸியை அனுப்பிவிடுகிறார். சொல்லில்லாமல் முனகிக்கொண்டே நடக்கிறார். குடையை மடக்குகிறார். பிறகுதான் பாட்டு. ஆட்டம் வாசல்படி, விளக்குக் கம்பம், தண்ணீர் கொட்டும் குழாய் என்று வளர்ந்து, தெருவோரத் தண்ணீரில் சின்னப் பையனைப்போலக் குதிக்கும் இடத்தில் உச்சத்துக்குப் போகிறது. அப்போது ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார். கெல்லி அடங்கி, குடையை வழியில் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நடக்கிறார்.

கதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் கதையில் சந்தோஷத்துக்கென்று நிறுத்தம் வேறெங்கும் இல்லை. இதை வெட்டினால் கதை புரியும், படம் இருக்காது. அதே படத்தில் வரும் நீண்ட பிராட்வே பாலே வேறு விஷயம். அது தனியாக ஒட்டிக்கொண்ட துண்டுதான். எடுத்தவர்களுக்கும் அது தெரியும். பாலே முடிந்ததும் ஸ்டுடியோ முதலாளி, எனக்குச் சரியாகக் கற்பனை செய்யமுடியவில்லை, படமாக எடுத்தபிறகு பார்க்கிறேன் என்கிறார்.

ஒரே பாட்டு ரெண்டு தடவை வருதே, நேரத்தை நிரப்புறதுக்கா?

சோம்பேறிப் படங்களில் அப்படித்தான். நல்ல படத்தில் மெட்டும் சொல்லும் அதேதான், இடம் மட்டும் மாறும். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் கேப்டன் தன் வீட்டு வரவேற்பறையில் கிட்டாரோடு ஒரு மலைப் பூவைப் பற்றிச் சின்னப் பாட்டு பாடுகிறார். அது பிள்ளைகளிடம் திரும்பி வந்த அப்பாவின் பாட்டு. இரண்டாவது முறை சால்ஸ்பர்க் இசை விழா மேடையில், நாட்டை நாஜிகள் பிடித்தபிறகு. நடுவில் குரல் உடைகிறது, மனைவி மரியா வந்து சேர்கிறார், கூட்டமும் சேர்ந்து பாடுகிறது. இப்போது அது ஒரு நாட்டுக்கு விடைகொடுக்கும் பாட்டு. முதல் முறை இல்லாவிட்டால் இரண்டாவதற்கு இந்தக் கனம் வராது.

நிஜமாவே அவங்களே பாடினாங்களா? நம்ம மாதிரி பின்னணி உண்டா?

பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்து, செட்டில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்கு வாயசைத்து எடுக்கும் முறை 1929இல் 'தி பிராட்வே மெலடி' படத்தில் வந்தது. ஒரு நடனக் காட்சியை மறுபடி எடுக்கவேண்டி வந்தது. ஒலி ஏற்கெனவே நன்றாக இருக்கிறதே, அதையே ஓட்டி எடுக்கலாம் என்றார் ஒலிப்பதிவாளர் டக்ளஸ் ஷியரர். அதன்பின் கேமரா, அதன் சத்தம் பதிவாகாமலிருக்க அடைத்துவைத்திருந்த கண்ணாடி அறையிலிருந்து விடுதலையாகி ஆடுபவரோடு சேர்ந்து நகர முடிந்தது. டேப் நடனத்தின் சத்தத்தைப் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பிறகு தனியாக ஆடிப் பதிவுசெய்து சேர்ப்பார்கள்.

இதில் கெடும் இடங்கள் இரண்டு. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. உதடு இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளினாலும் குளோஸ்-அப்பில் கண்ணை உறுத்தும். அதைவிட அடிக்கடி நடப்பது அறையின் ஒலி மாறுவது. வசனம் செட்டில் பதிவானது, பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில். முதல் வரியிலேயே ஆள் வேறு அறைக்குள் போய்விட்டதுபோல இருக்கும். இரண்டாம் கேள்வியில் கேட்ட 'திடீர்' என்ற உணர்வுக்குப் பாதிக் காரணம் கதை அல்ல, இந்த எதிரொலி.

மற்றவர் குரலும் உண்டு, ஆனால் நம்மைப்போல டைட்டிலில் பெயர் போடமாட்டார்கள். 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர், 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யில் நடாலி வுட், 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் என மூவருக்கும் பாடியவர் மார்னி நிக்சன். 'சிங்கிங் இன் த ரெயின்' கதையே இன்னொருத்திக்குக் குரல் கொடுக்கும் பெண்ணைப் பற்றியது; அந்தப் பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாட்டில் பெட்டி நாய்ஸ் குரல் கொடுத்தார். எதிர்த் திசையில் ரெக்ஸ் ஹாரிசன்: பாதி பேசிப் பாடும் தன் பாணிக்கு வாயசைக்க முடியாது என்று, 'மை ஃபேர் லேடி'யில் டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்து செட்டிலேயே பாடினார்.

மேடை நாடகத்துல இருந்த பாட்டு வரிசையைப் படத்துல ஏன் மாத்துறாங்க?

மேடையில் இடைவேளை உண்டு. இடைவேளைக்குப் பின் கூட்டத்தை மறுபடி கலகலப்பாக்க ஒரு பாட்டு தேவை. படத்தில் பதற்றம் ஏறிக்கொண்டே போகவேண்டும். 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' மேடையில் 'கூல்' பாட்டு கும்பல் சண்டைக்கு முன்னும், போலீஸ்காரரைக் கிண்டலடிக்கும் பாட்டு சண்டைக்குப் பின்னும் வரும். 1961 படத்தில் இரண்டும் இடம் மாறின. இரண்டு பேர் செத்தபிறகு நையாண்டி எடுபடாது. 'கூல்' அப்போது பாடப்படுவதால்தான் அடக்கிவைத்த நடுக்கம் அதில் தெரிகிறது. ஆனால் ஒரு சிக்கல்: மேடையில் அதைப் பாடும் கும்பல் தலைவன் ரிஃப் சண்டையில் இறந்துவிடுகிறான். அதனால் படத்துக்கென்று ஐஸ் என்ற ஆளை உருவாக்கி அவனைப் பாடவைத்தார்கள். ஒரு பாட்டை நகர்த்தினால் இப்படித்தான் ஒரு பாத்திரமே கூட வந்துவிடும்.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் பிடித்தவற்றைப் பட்டியலிடும் பாட்டு மேடையில் மடத்துத் தலைவியும் மரியாவும் பாடுவது. படத்தில் இடி மின்னலுக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளைகளிடம் மரியா பாடுகிறார். படத்து இடம்தான் சரி. பயம் இருந்தால்தான் பட்டியலுக்கு வேலை.

ஒரு பாட்டை வெட்டிட்டா கதையில தடயம் எதுவும் இருக்காதா?

இருக்கும். 'விசார்ட் ஆஃப் ஆஸ்'ஸில், காட்டுக்குள் ஒரு பூச்சி கடித்து எல்லோரும் களைத்து விழும்வரை ஆடுவதாக ஒரு பாட்டு எடுத்து, நீளம் கருதி நீக்கினார்கள். ஆனால் ஒரு சின்னப் பூச்சியை முன்னால் அனுப்பியிருக்கிறேன் என்று சூனியக்காரி சொல்லும் வசனம் படத்தில் அப்படியே நிற்கிறது. பூச்சி வரவே வராது. முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு வானவில் பாட்டையும், வேகம் குறைகிறது என்று தூக்கப் பார்த்தார்கள். போராடித்தான் அது தப்பியது, ஆஸ்கரும் வாங்கியது. சூனியக்காரியின் கோட்டையில் டாரத்தி அதையே அழுதுகொண்டு திரும்பப் பாடும் இடம் மட்டும் தப்பவில்லை.

பாட்டு முதல்ல, கதை அப்புறமுன்னு சொல்றாங்களே, அது எப்படிப் பொருந்தும்?

'சிங்கிங் இன் த ரெயின்' அப்படித்தான் பிறந்தது. தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் கவிஞராக இருந்த காலத்தில் நேசியோ ஹெர்ப் பிரவுனோடு எழுதிய பழைய பாட்டுகளை எடுத்துவைத்து, இவற்றுக்கு ஒரு கதை வேண்டும் என்றார். எழுதியவர்கள் பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும். பாட்டுகள் பெரும்பாலும் பேசும்படம் வந்த காலத்துச் சரக்கு என்பதால், கதையையே அந்தக் காலத்துக்குக் கொண்டுபோனார்கள். பழசாகத் தெரிந்தது காலத்துக்குப் பொருத்தமாகிவிட்டது. பாட்டைக் கதைக்கு வளைப்பதைவிடக் கதையின் வருடத்தை மாற்றுவது சுலபம்.

ஒரு பாடகி வர்றாங்க, அருமையாப் பாடிட்டுப் போயிடுறாங்க, அப்புறம் ஆளையே காணோம். எடிட்டிங் கோளாறா?

அந்தப் பாடகி லீனா ஹோர்ன் என்றால், கோளாறு எடிட்டிங்கில் இல்லை. 1940களின் எம்ஜிஎம் ஸ்டுடியோ படங்கள் பலவற்றில் கறுப்பினத்தவரான அவர் பாட்டை மட்டும் தனியே எடுத்தார்கள், கதைப் பாத்திரங்களோடு கலக்கவிடாமல். அமெரிக்கத் தென்மாநிலத் தியேட்டர்கள் அந்தத் துண்டை வெட்டினாலும் கதை அறுபடக்கூடாது என்பதே நோக்கம். நாலாம் கேள்வியின் சோதனையில் அந்தப் பாட்டுகள் தோற்பது அதனால்தான். தோற்கும்படியே எழுதப்பட்டவை அவை. அவர் கதையோடு நடிப்பதைப் பார்க்க 1943இல் வந்த 'கேபின் இன் த ஸ்கை'யும் 'ஸ்டார்மி வெதர்' படமும் இருக்கின்றன.

அப்புறம் வந்த படங்கள்ல மறுபடியும் மேடையிலதான் பாடுறாங்க. திடீர்னு பாட வெட்கமாயிடுச்சா?

ஏறக்குறைய. 'கேபரே' (1972) மேடை நாடகத்தில் பாத்திரங்கள் வீட்டிலும் பாடுவார்கள். இயக்குநர் பாப் ஃபாஸி படத்தில் அதையெல்லாம் நீக்கி, பாட்டுகளை பெர்லின் கேளிக்கை விடுதியின் மேடைக்குள் அடைத்தார். வெளியே கதை, உள்ளே அந்தக் கதையைக் கேலிசெய்யும் பாட்டு.

ஒன்று மட்டும் விடுதிக்கு வெளியே, வெயிலடிக்கும் ஒரு பீர் தோட்டத்தில் நடக்கிறது. அழகான முகத்தோடு ஒரு பையன் இயற்கையைப் பற்றிப் பாடுகிறான். கேமரா முகத்திலிருந்து கீழே இறங்கும்போது கையில் நாஜிப் பட்டை தெரிகிறது. ஒவ்வொருவராக எழுந்து கூடப் பாடுகிறார்கள். தொப்பி போட்ட ஒரு கிழவர் மட்டும் எழவில்லை. இரண்டாம் கேள்வியின் கைதட்டல் சோதனை இங்கே உதவாது. கேட்க வந்தவர்களே பாடுகிறவர்களாகிவிட்டார்கள். நாஜிகளை நாங்கள் கட்டுக்குள் வைத்துக்கொள்வோம் என்று முன்பு சொல்லியிருந்த பணக்கார நண்பன் காருக்குத் திரும்புகிறான். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று கதாநாயகன் பிரையன் கேட்கிறான். நண்பன் தோளைக் குலுக்குகிறான்.